கரும்பொருளுக்கு ஒரு ஸ்கேன்

போன வருஷம் பெரியம்மாவைக் குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பெட் ஸ்கேன் எடுக்க அழைத்துப் போயிருந்தேன். படுக்கவைத்து எடுப்பதால்தான் அதற்குப் பெட் ஸ்கேன் என்று பெயர் என அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து பட்டினி. கையில் ஓர் ஊசி போட்டு, தனி அறையில் ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். நடக்கக் கூடாது, பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பெரியம்மாவுக்கு ஊசி வலிக்கவில்லை. பேசாமல் இருந்ததுதான் வலித்தது.

மறுநாள் படம் கைக்கு வந்தது. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் உடம்பு. தலை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. அடிவயிற்றிலும் ஒரு கறுப்பு உருண்டை. "இன்னாடா இது, தலையெல்லாம் பரவிக்கீதா?" என்று கேட்டார் பெரியம்மா. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூளை எப்பவும் சர்க்கரை சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா, எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும். கீழே இருக்கிறது சிறுநீர்ப்பை, மருந்து வெளியே போற வழி." அப்புறம் பேனா முனையால் கழுத்தோரம் மிளகு அளவில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டார். நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. "நாம பார்க்க வேண்டியது இதுதான்."

நான் காட்பாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறவன். கண்ணுக்கே தெரியாத கரும்பொருளை வானத்தில் எப்படித் தேடுகிறார்கள் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறேன். காரணம் இரண்டு. ஸ்கேனில் நடக்கும் அதே மாதிரியான நிகழ்ச்சியைத்தான் வானத்திலும் தேடுகிறார்கள் என்பது ஒன்று. நாங்கள் தலையைப் பார்த்துப் பயந்தோமே, அதே பயத்தை விண்வெளிக்காரர்களும் பதினைந்து வருஷத்துக்கு மேலாக அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

ஊசியில் என்ன இருந்தது?

சர்க்கரைதான். அதோடு ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டவைத்திருப்பார்கள். சுமார் 110 நிமிடத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். சிதையும்போது அது பாசிட்ரான் என்ற துகளை வெளியே துப்பும். பெட் என்ற பெயரின் முதல் எழுத்து இந்தப் பாசிட்ரானுடையதுதான், படுக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாசிட்ரான் எலக்ட்ரானின் எதிர்த்துகள். நிறை ஒன்றேதான், மின்னூட்டம் மட்டும் நேர்மாறு. உடம்புக்குள் எலக்ட்ரானுக்கா பஞ்சம்? ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போவதற்குள் ஏதோ ஓர் எலக்ட்ரானிடம் மாட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து காணாமல் போகும். அவற்றின் நிறை முழுவதும் ஆற்றலாகி, இரண்டு காமா கதிர்களாக எதிரெதிர்த் திசையில் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஓர் எலக்ட்ரானின் நிறையை ஆற்றலாக மாற்றினால் வரும் கணக்கு அது, அணுவளவும் கூடாது குறையாது.

ஆக, உடம்பைச் சுற்றியிருந்த ஸ்கேன் கருவியின் வளையம் கழுத்தோரக் கட்டியைப் பார்க்கவில்லை. கட்டி தின்ற சர்க்கரையிலிருந்து கிளம்பிய கதிரைப் பார்த்தது. கதிர் வந்த வழியில் பின்னோக்கிப் போய், 'இங்கே ஏதோ இருக்கிறது' என்றது. வானத்தில் இப்படிச் செய்வதற்குத்தான் மறைமுகத் தேடல் என்று பெயர். கரும்பொருள் நம் கருவியில் நேராக வந்து மோதட்டும் என்று சுரங்கத்துக்குள் செனான் தொட்டிகளை வைத்துக் காத்திருக்கிறார்களே, அது நேரடித் தேடல். அது வேறு கதை.

இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆற்றில் மணல்தான் கிடக்கும். கரையில் தென்னை பச்சையாக நிற்பதைப் பார்த்து, அடியில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறோம். விண்மீன் திரள்களிலும் அதே கதைதான். 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கூட்டத்தில் இருக்கும் திரள்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அந்த வேகத்துக்கு அவை எப்போதோ சிதறி ஓடியிருக்க வேண்டும். 1970-இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா திரளை அளந்தார்கள். நடுவிலிருந்து வெளியே போகப் போகச் சுற்றும் வேகம் குறையும் என்று எதிர்பார்த்தால், அது குறையவே மாட்டேன் என்றது. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீட்டுப்படி, பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு கரும்பொருள். நாம், பாலாறு, ஜவ்வாது மலை, சூரியன் எல்லாம் சேர்ந்து மிச்சம் ஒரு பங்குக்குள் அடக்கம்.

பெயரில் கருமை இருந்தாலும் அது கறுப்பும் இல்லை. ஒளி அதற்குள் புகுந்து நேரே போய்விடும். தெளிபொருள் என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். யார் கேட்கிறார்கள்!

அது எதனால் ஆனது என்பதில்தான் ஊகம் ஆரம்பிக்கிறது. ரொம்ப நாளாக முன்வரிசையில் இருக்கும் ஊகம் விம்ப் என்ற துகள். புரோட்டானைப் போலப் பத்து, நூறு, ஆயிரம் மடங்கு கனமாக இருக்கலாம். மற்ற பொருளோடு அநேகமாக ஒட்டுறவே கிடையாது. ஆனால் இரண்டு விம்ப்கள் ஒன்றோடொன்று மோதினால், பாசிட்ரானும் எலக்ட்ரானும் செய்த காரியத்தை அவையும் செய்யலாம். இரண்டும் அழிந்து, அந்த நிறை வேறு துகள்களாக மாறி, அவையும் சிதைந்து, கடைசியில் காமா கதிர், பாசிட்ரான், நியூட்ரினோ என்று வெளியே வரும். எலக்ட்ரானைவிட விம்ப் பல்லாயிரம் மடங்கு கனம் என்பதால், வரும் காமா கதிரும் ஸ்கேன் கதிரைவிட அந்த அளவுக்கு உக்கிரமாக இருக்கும்.

எவ்வளவு அடிக்கடி நடக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் சூரியன் இருக்கும் பகுதியில், பூமி அளவு இடத்துக்குள் இருக்கும் கரும்பொருள் மொத்தத்தையும் தராசில் வைத்தால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ தேறும். காய்கறிக் கடையில் வாங்கும் தக்காளி அளவுதான். ஒவ்வொரு விம்ப்பும் நூறு புரோட்டான் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெரிய டம்ளருக்கு ஒரு துகள். உங்கள் கையில் இருக்கும் டம்ளருக்குள்ளும் இப்போது ஒன்று புகுந்து போயிருக்கும், நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில். இன்று மிச்சமிருக்கும் கரும்பொருளின் அளவை வைத்து, ஆதிப் பிரபஞ்சத்தில் அவை என்ன வேகத்தில் அழிந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அதே வேகத்தை இங்கே போட்டால், பூமி அளவு இடத்தில் ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரே ஒரு மோதல். அவ்வளவுதான். பக்கத்தில் பார்த்துப் பிரயோஜனமில்லை, நெருக்கமாக இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

நெருக்கத்தில் ஒரு சௌகரியம் உண்டு. வேலூர் பஸ் ஸ்டாண்டில் சாதாரண நாளில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஜனம் திருவிழாவுக்கு வந்தால், ஆளுக்கு ஆள் இடித்துக்கொள்வது இரண்டு மடங்கா கூடும்? நாலு மடங்கு. இடிப்பதற்கும் ஆள் இரட்டிப்பு, இடிபடுவதற்கும் ஆள் இரட்டிப்பு. கரும்பொருள் பத்து மடங்கு அடர்த்தியாக இருக்கும் இடத்தில் மோதல் நூறு மடங்கு. அடர்த்தி அதிகமான இடம் எது என்றால், நம் சூரியன் இருக்கும் விண்மீன் திரளான பால்வெளியின் நடு.

மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில்

ஆடி மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மொட்டை மாடியில் தெற்கே பார்த்து நில்லுங்கள். விருச்சிகத்தின் வால் கொக்கி மாதிரி வளைந்து தெரியும், அதுதான் மூலம். அதற்குக் கிழக்கே பூராடம். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே, சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் பால்வெளியின் மையம் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தூசி மறைத்துவிடும். காமா கதிரைத் தூசி தடுக்காது. காந்தப்புலமும் அதை வளைக்காது, ஏனென்றால் அதற்கு மின்னூட்டம் இல்லை. கிளம்பிய இடத்திலிருந்து நேராக வரும்; மறைமுகத் தேடலில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தக் கதிரைப் பிடிக்க 2008 ஜூனில் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பினார்கள். அதற்குள் லென்ஸ் கிடையாது, ஆடியும் கிடையாது. மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. காமா கதிர் உள்ளே நுழைந்து டங்ஸ்டனில் பட்டதும் ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரிந்துவிடும். ஸ்கேனில் நடந்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்ட மாதிரி! அந்த ஜோடி போன தடத்தை வைத்து, கதிர் வந்த திசையைக் கண்டுபிடிப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வானம் முழுவதையும் அது சுற்றிப் பார்த்துவிடும்.

2009-இல் லிசா குடினஃபும் டான் ஹூப்பரும் ஃபெர்மியின் பதிவுகளை எடுத்து, மையத்தில் ஏற்கெனவே தெரிந்த எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். மீதி வந்தது. இரண்டு மூன்று கிகா எலக்ட்ரான் வோல்ட் (ஒரு கிகா என்றால் பத்து லட்சம் கிலோ) அளவில் உச்சம், மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் பரவிய ஒரு மங்கலான காமா ஒளி. புரோட்டானைப் போல முப்பது முதல் அறுபது மடங்கு கனமுள்ள விம்ப்கள் அழிந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்களோ, ஏறக்குறைய அதே மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு பல குழுக்கள் வேறு வேறு வழியில் கழித்துப் பார்த்தும் மீதி இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் கண்டுபிடித்தாயிற்றா? இங்கேதான் பெரியம்மாவின் தலை ஞாபகத்துக்கு வர வேண்டும்.

பல்சர் என்று ஒரு வகை உண்டு. செத்துப்போன பெரிய விண்மீனின் மிச்சம். சூரியனைவிடக் கனமான நிறை ஓர் ஊர் அளவுக்குள் நசுங்கிக் கிடக்கும். அதில் சில, நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுற்றும். இந்த வேகப் பல்சர்கள் விடும் காமா கதிருக்கும் உச்சம் கிட்டத்தட்ட அதே இரண்டு கிகா எலக்ட்ரான் வோல்ட்தான். மையத்தில் பழைய விண்மீன்கள் ஏராளம். அங்கே தனித்தனியாகக் கண்ணில் படாத ஆயிரக்கணக்கான பல்சர்கள் இருந்தால் இதே மங்கல் வரும். கரும்பொருளே தேவையில்லை. மூளை தன் பாட்டுக்குச் சர்க்கரை சாப்பிட்ட மாதிரி.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கரும்பொருள் என்றால் மங்கல் வழவழப்பாக இருக்கும், பல்சர் என்றால் ரவை ரவையாக இருக்கும். 2015-இல் புள்ளியியல் முறையில் அளந்தவர்கள் ரவை ரவையாகத்தான் இருக்கிறது, பல்சர்தான் என்றார்கள். 2019-இல் ரெபெக்கா லீனும் டிரேசி ஸ்லேட்டியரும் அந்த முறையையே சோதித்தார்கள். கரும்பொருள் கொடுக்கக்கூடிய போலி ஒளியை வேண்டுமென்றே பதிவில் கலந்துவிட்டார்கள். அந்த முறை கலந்ததையும் ரவைக் கணக்கில் சேர்த்துவிட்டது. வழக்கு மறுபடி முதலிலிருந்து. இன்னும் தீர்ப்பு வரவில்லை. என்னைக் கேட்டால் பல்சர் பக்கம்தான் சாய்வேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் பத்து ரூபாய்க்கு மேல் கட்ட மாட்டேன்.

சரி, பல்சரால் போலி செய்யவே முடியாத அடையாளம் ஏதாவது உண்டா? உண்டு. இரண்டு விம்ப்கள் நேரடியாக இரண்டு காமா கதிர்களாக மாறினால், ஸ்கேனில் 511 வந்த மாதிரி ஒரே ஓர் ஆற்றலில் கூர்மையான கோடு தெரியும். 2012-இல் கிறிஸ்டோஃப் வெனிகர் அப்படி ஒரு கோட்டை ஃபெர்மி பதிவில் காட்டினார், சுமார் 130 கிகா எலக்ட்ரான் வோல்ட்டில். அந்த வருஷம் முழுக்கப் பரபரப்பு. அப்புறம் யாரோ பூமியின் விளிம்பிலிருந்து வரும் காமா கதிரையும் எடுத்துப் பார்த்தார்கள். அண்டக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதி உண்டாக்குகிற கதிர் அது, கரும்பொருளுக்கு அங்கே வேலையில்லை. அதே 130-இல் அங்கேயும் ஒரு மேடு இருந்தது! கொஞ்சமாவது கருவியின் குறை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பதிவு சேரச் சேர மையத்தின் கோடும் மங்கிப் போய்விட்டது.

வேடிக்கை என்னவென்றால், பெரியம்மாவின் ஸ்கேனில் வந்த அசல் 511 கோடே பால்வெளியின் நடுவிலிருந்தும் வருகிறது. 1970-களில் பலூனில் ஏற்றி அனுப்பிய கருவிகளில் அது முதலில் தெரிந்தது, பிறகு ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோள் அதற்கு வரைபடமே போட்டது. அவ்வளவு பாசிட்ரான் அங்கே எப்படி வந்தது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதிலும் கரும்பொருளைச் சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

கருவாட்டு வாடை

கதிரைவிட்டு, பாசிட்ரானையே நேராகப் பிடித்தால் என்ன? பிடித்தார்கள். 2006-இல் போன பமேலா என்ற கருவியும், 2011-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஏஎம்எஸ் என்ற கருவியும் விண்வெளியில் அலையும் பாசிட்ரான்களை எண்ணின. ஆற்றல் கூடக் கூடப் பாசிட்ரானின் பங்கு குறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பத்து கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே அது ஏறிக்கொண்டே போனது.

இதில் ஒரு சங்கடம். பாசிட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலம் அதைக் கண்டபடி சுற்றவிடும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. தெருவில் கருவாடு வறுக்கும் வாடை மாதிரி. எந்த வீடு என்று தெரியாது. ஆனால் வாடை ரொம்ப தூரம் போகாது, ஆகவே வறுப்பது நம் தெருவில்தான். வேகமான பாசிட்ரானும் அப்படியே, போகிற வழியில் ஆற்றலை இழந்துவிடும். சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் இதற்குக் காரணம்.

நம் தெருவில் யார் வறுக்கிறார்கள்? மறுபடியும் பல்சர்! மிதுன ராசிப் பக்கம் சுமார் 800 ஒளியாண்டில் கெமிங்கா என்ற பல்சர் இருக்கிறது. 2017-இல் மெக்சிகோ மலையில் இருக்கும் ஹாக் என்ற ஆய்வகம் அதைச் சுற்றிக் காமா கதிர் மண்டலம் ஒன்றைக் கண்டது. அங்கே வேகமான எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் இருக்கின்றன என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் அவை அங்கிருந்து ரொம்ப மெதுவாகத்தான் கசிகின்றன, நம்மிடம் வந்து சேராது என்று அதைக் கண்டவர்களே சொன்னார்கள். வழி நெடுக அப்படி இருக்காது, பல்சரைச் சுற்றி மட்டும்தான் மெதுவு என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். வேறு பல்சர்களும் அக்கம்பக்கத்தில் இருப்பதால், கரும்பொருள்தான் என்று இன்று அடித்துச் சொல்பவர்கள் குறைவு.

இருட்டான இடத்துக்குப் போவது

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். 1986-இலிருந்து வானியலாளர் வைணு பாப்பு பெயரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். (அப்போது வட ஆர்க்காடு, பிறகு வேலூர், 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். தொலைநோக்கி நகரவில்லை, எல்லைதான் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது.) அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்ப்பது, காமா கதிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அது ஏன் வேலூர்க் கோட்டை மேல் இல்லாமல் மலைக் காட்டுக்குள் இருக்கிறது என்று யோசித்தால், கரும்பொருள் தேடுகிறவர்களின் அடுத்த யோசனை புரிந்துவிடும். மங்கலானதைப் பார்க்க வேண்டுமானால், வேறு எதுவும் பளிச்சிடாத இடத்துக்குப் போக வேண்டும்.

பால்வெளியைச் சுற்றிக் குட்டித் திரள்கள் பல இருக்கின்றன. டிராகோ என்று ஒன்று, சுமார் இரண்டரை லட்சம் ஒளியாண்டு தொலைவில். அதிலிருக்கும் விண்மீன்கள் ஓடும் வேகத்தை அளந்து எடை போட்டால், ஒளி காட்டும் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு வருகிறது. அநேகமாக முழுவதும் கரும்பொருள். புது விண்மீன் பிறப்பதில்லை, வாயு இல்லை, இளம் பல்சர்கள் இல்லை. மூளையும் சிறுநீர்ப்பையும் இல்லாத உடம்பில் ஸ்கேன் எடுப்பது மாதிரி. அங்கே காமா கதிர் தெரிந்தால் சாக்குச் சொல்ல ஆளில்லை.

ஃபெர்மி வருஷக்கணக்கில் இந்தக் குட்டித் திரள்களைப் பார்த்தது. ஒன்றும் இல்லை. பல திரள்களின் பதிவை ஒன்றாகச் சேர்த்தும் உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை.

'ஒன்றும் இல்லை' என்பதை வெறுங்கை என்று நினைக்கக் கூடாது. விம்ப் இவ்வளவு கனம், இவ்வளவு வேகத்தில் அழியும் என்றால் இத்தனை கதிர் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆகவே அந்தக் கனத்தை அடித்துவிடலாம். முன்னே சொன்ன ஆதிப் பிரபஞ்சக் கணக்கின்படி அழிந்து, வழக்கமாக எதிர்பார்க்கும் துகள்களாக மாறும் விம்ப்களில், புரோட்டானைப் போலச் சில பத்து மடங்கு கனமுள்ளவற்றுக்கு இப்படித்தான் இடம் ரொம்பக் குறுகிவிட்டது. மையத்து மங்கலைக் கரும்பொருள் என்று சொல்பவர்களுக்கு இது தர்மசங்கடம், அவர்கள் சொல்லும் கனமும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. முழுக்க முடியாது என்று சொல்லவும் முடியாது, குட்டித் திரளுக்குள் கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் கொஞ்சம் இழுபறி உண்டு.

அதைவிடக் கனமான விம்ப்களுக்கு ஃபெர்மி போதாது. அவ்வளவு உக்கிரமான கதிர்கள் எப்போதோ ஒன்றுதான் வரும், ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத வலையில் அவை சிக்குவது கஷ்டம். அதற்குக் காற்று மண்டலத்தையே வலையாக்குகிறார்கள். கதிர் மேலே காற்றில் மோதியதும் துகள்கள் மழையாகக் கொட்டும், அதிலிருந்து சில நானோ நொடிக்கு ஒரு நீலப் பொறி கிளம்பும். தரையில் பெரிய ஆடிகள் அதைப் படம் பிடிக்கும். நமீபியாவில் ஹெஸ் இருக்கிறது. நம் நாட்டில் லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகல ஆடியோடு மேஸ் என்ற தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது.

குட்டித் திரள்களின் பட்டியலும் வளர்கிறது. 2015-இல் ரெட்டிகுலம்-2 என்ற திரளைக் கண்டுபிடித்தபோது யாரும் தொலைநோக்கியைத் திருப்பக் காத்திருக்கவில்லை. ஃபெர்மி அந்தத் திசையை ஏற்கெனவே ஆறு வருஷத்துக்கு மேலாகப் பார்த்து வைத்திருந்தது, பழைய பதிவை எடுத்தால் போதும். ஒரு குழு லேசாக ஏதோ தெரிகிறது என்றது, ஃபெர்மி குழு அது போதாது என்றது. இப்போது சிலியில் வேரா ரூபின் பெயரிலேயே ஓர் ஆய்வகம் வேலை தொடங்கியிருக்கிறது. மங்கலான புதுக் குட்டித் திரள்கள் அதில் நிறையச் சிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் முதல் வேலை, 2008 முதல் சேர்த்துவைத்த ஃபெர்மி பதிவில் அந்த இடத்தைத் தேடுவது. பெரியம்மா இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது டாக்டர் முதலில் கேட்டதும் பழைய படத்தைத்தான். மஞ்சப்பைக்குள் கையை விட்டு அவரே எடுத்து நீட்டினார்.